முக்குளிப்பு வீராங்கனை விக்டோரியா மனாலோ

பாகான் டாலாமில் நின்று மேற்கே பார்த்தால், கடலுக்கு அப்பால் ஜார்ஜ்டவுன் நகரம் தெரியும். இடையில் உள்ள நீர்ப்பரப்பில் கப்பல்களும் பெர்ரிகளும் மீன்பிடிப் படகுகளும் ஓயாமல் சென்று வருகின்றன. நம் முன்னோரில் பலர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி, பல நாள் கடல் பயணத்துக்குப் பிறகு இங்குதான் வந்து இறங்கினர். பிழைப்பைத் தேடி வந்த அவர்கள் கையில் கொண்டுவந்த பொருள் மிகக் குறைவு. ஆயினும், தங்கள் மொழியையும் பெயரையும் அவர்கள் மறவாமல் கொண்டுவந்தார்கள்.

துறைமுக நகரங்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பசிபிக் பெருங்கடலின் மறுகரையில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அந்நகருக்கும் பல நாடுகளிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர். அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த தியோஃபிலோ மனாலோ. இன்னொருவர் இங்கிலாந்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த கெர்ட்ரூட் டெய்லர் என்னும் பெண். இருவரும் அந்நகரில் சந்தித்து மணம் புரிந்துகொண்டனர். 1924ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அவர்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தனர். அவர்களில் ஒருவரே விக்டோரியா மனாலோ. பிற்காலத்தில் ஒரே ஒலிம்பிக் விளையாட்டுகளில் முக்குளிப்பின் இரு பிரிவுகளிலும் தங்கப் பதக்கம் வென்ற முதல் பெண் என்னும் பெருமையைப் பெற்றவர் அவர்.

விக்டோரியாவின் குடும்பம் வசதி படைத்த குடும்பம் அன்று. வீட்டில் ஒவ்வொரு காசையும் எண்ணித்தான் செலவு செய்ய வேண்டியிருந்தது. நீச்சல் கற்க வேண்டுமென்றால் அதற்கும் பணம் தேவை. ஆகவே, பத்து வயதை நெருங்கும் வரை அவருக்கு நீச்சல் தெரியாது. பிறகு, செஞ்சிலுவைச் சங்கம் கோடை விடுமுறையில் நடத்திய வகுப்பில் சேர்ந்தார். ஐந்து காசு நுழைவுக் கட்டணம் செலுத்தி, நகரின் பொதுக் குளம் ஒன்றில் நீந்தக் கற்றுக்கொண்டார். அந்நாளில் அவருடைய கனவு வேறாக இருந்தது. பாலே எனப்படும் மேலைநாட்டு நடனத்தைக் கற்று நடனமணியாக வேண்டும் என்றே அவர் விரும்பினார். நடன வகுப்புக்குச் செலவிடவும் வீட்டில் வழியில்லை. பள்ளியில் பூப்பந்து, கூடைப்பந்து, மென்பந்து ஆகிய விளையாட்டுகளில் ஆர்வத்துடன் கலந்துகொண்டார்.

வறுமை மட்டுமே அவருக்குத் தடையாக இருக்கவில்லை. அக்காலத்தில் பிலிப்பைன்ஸ் நாடு அமெரிக்காவின் ஆட்சியின் கீழ் இருந்தது. அதனால் பிலிப்பினோ மக்கள் பலர் வேலைக்காகக் கலிபோர்னியாவுக்குச் சென்றனர். வயல்களிலும் சமையற்கூடங்களிலும் அவர்களுடைய உழைப்பு தேவைப்பட்டது. ஆனால், அவர்களைச் சமமாக ஏற்றுக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை. வெள்ளையர் பிலிப்பினோ மக்களை மணந்துகொள்ளக் கூடாது என்று 1933ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் சட்டமே இயற்றப்பட்டது. விக்டோரியாவின் பெற்றோர் அதற்கு முன்பே மணம் செய்துகொண்டவர்கள். எனினும், தம் பெற்றோருடையதைப் போன்ற திருமணத்தைத் தடை செய்யும் சட்டம் நடப்பில் இருந்த ஊரிலேதான் அவர் வளர்ந்தார்.

பதினாறு வயதில் விக்டோரியாவின் கவனம் முக்குளிப்பின்பால் திரும்பியது. அவருடைய சாதனையின் அருமையை உணர, அந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

முக்குளிப்புப் போட்டியில் இரு முக்கியப் பிரிவுகள் உள்ளன. ஒன்று, துள்ளு பலகைப் பிரிவு. நீர்மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு நீண்ட பலகை பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒரு முனை இறுகக் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை குளத்தின்மேல் நீண்டிருக்கும். வீரர் சில அடிகள் நடந்து வந்து, துள்ளி அப்பலகையின் நுனியில் இறங்குவார். பலகை வளைந்து, மீண்டும் நிமிரும்போது அவரை மேல்நோக்கி வீசும். அந்த வீச்சைப் பயன்படுத்தி அவர் காற்றில் குட்டிக்கரணம் அடிப்பார். உடலை முறுக்கித் திருப்புவார். பின்னர் நிமிர்ந்து நீருக்குள் நுழைவார். மற்றொன்று, மேடைப் பிரிவு. பத்து மீட்டர் உயரமுள்ள அசையாத மேடையிலிருந்து பாய வேண்டும். அந்த உயரம் ஏறக்குறைய மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சமம். அங்கிருந்து விழுபவரின் உடல் நீரைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். நுழையும் கோணம் சற்றே பிசகினாலும் நீர் பாறைபோல் தாக்கும்.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், இரண்டுக்கும் வேண்டிய திறன்கள் வேறு வேறு. துள்ளு பலகையில் பாய்பவர் பலகையின் அசைவோடு தம் கால்களின் அசைவை இணைத்துக்கொள்ள வேண்டும். பலகை எழும் நொடியில் அவரும் எழ வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் உயரம் குறைந்துவிடும். மேடையில் பாய்பவருக்கு அந்த உதவி இல்லை. தம் கால்களின் வலிமையையும் மன உறுதியையுமே அவர் நம்ப வேண்டும். எதுவாயினும் காற்றில் கிடைக்கும் நேரம் இரண்டு நொடிகளுக்கும் குறைவே. அதற்குள் செய்து முடிப்பதை நடுவர்கள் கூர்ந்து நோக்கிப் பத்துப் புள்ளிகளுக்குள் மதிப்பிடுவார்கள். பாய்ச்சலின் கடினத்துக்கேற்ப அப்புள்ளிகள் பெருக்கப்படும். நடன மங்கையின் நளினமும் கழைக்கூத்தாடியின் துணிவும் ஒருங்கே தேவைப்படும் விளையாட்டு இது. நடனமணியாக விரும்பிய ஒரு பெண்ணுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் புகழ்பெற்ற ஹோட்டல் ஒன்றின் நீச்சல் முக்குளிப்புச் சங்கத்தில் ஃபில் பேட்டர்சன் என்பவர் பயிற்றுநராக இருந்தார். விக்டோரியாவிடம் திறமை இருப்பதை அவர் கண்டார். ஆனால், மனாலோ என்ற பிலிப்பினோ பெயருடன் ஒரு பெண் அச்சங்கத்தில் இடம்பெறுவது அந்நாளில் இயலாத செயலாக இருந்தது. பேட்டர்சன் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். தனியாகப் பயிற்சிக் கழகம் ஒன்றை அமைத்தார். அங்கு அவர் சேர வேண்டுமானால், தந்தையின் குடும்பப் பெயரை விட்டுவிட்டுத் தாயின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு விக்டோரியா மனாலோ, விக்கி டெய்லர் ஆனார்.

இதைச் சிறிய மாற்றம் என்று சிலர் எண்ணக்கூடும். தாயின் பெயரும் அவருக்குரிய பெயர்தானே என்றும் கேட்கக்கூடும். நம்மை வைத்தே இதை எண்ணிப் பார்க்கலாம். நம் அடையாள அட்டையில் நம் பெயரை அடுத்து நம் தந்தையின் பெயர் இருக்கிறது. பள்ளியில் சேரும்போதும் தேர்வு எழுதும்போதும் பரிசு பெறும்போதும் அப்பெயர் நம்முடன் வருகிறது. அந்தப் பெயருடன் வந்தால் குளத்தில் இறங்கக் கூடாது. அதை வாசலில் விட்டுவிட்டு வந்தால் இறங்கலாம் என்று ஒருவர் சொன்னால் நம் மனம் என்ன பாடுபடும்? தாயின் பெயரைச் சூடிக்கொள்வது பெருமையே. ஆனால், தந்தையின் பெயரை மறைப்பதற்காக அதைச் சூட வேண்டிவந்ததுதான் வேதனை. பதினாறு வயதில் விக்டோரியா அந்த வேதனையை ஏற்றுக்கொண்டு, பலகையின்மேல் ஏறினார்.

பயிற்சி தொடங்கிய சிறிது காலத்திலேயே இரண்டாம் உலகப் போர் அமெரிக்காவையும் எட்டியது. பேட்டர்சன் படையில் சேர்ந்தார். அவருடைய கழகத்தை நம்பியிருந்த விக்டோரியாவின் பயிற்சி தடைபட்டது. 1942ஆம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளிக் கல்வியை முடித்த அவர், துறைமுகத்தில் இருந்த இராணுவ மருத்துவ அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். குடும்பத்துக்கு அந்த வருமானம் தேவைப்பட்டது. பகலில் அலுவலக வேலை; எஞ்சிய நேரத்தில் பயிற்சி. பயிற்றுநர்கள் மாறினார்கள், குளங்கள் மாறின. இருந்தபோதிலும் அவர் முக்குளிப்பைக் கைவிடவில்லை. தாம் கலந்துகொண்ட முதல் தேசியப் போட்டியிலேயே மூன்றாம் இடத்தைப் பெற்றார். மற்ற வீராங்கனைகளில் பலர் சிறு வயதிலிருந்தே பயின்றவர்கள். பதினாறு வயதுக்குப் பிறகு தொடங்கிய ஒருவருக்கு அந்த மூன்றாம் இடம் பெரும் ஊக்கத்தைத் தந்தது.

அதன் பிறகு அவருக்கு லைல் டிரேவ்ஸ் என்ற பயிற்றுநரின் துணை கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே, விரிகுடாவின் மறுகரையில் ஓக்லாந்து என்னும் நகரம் உள்ளது. பாகான் டாலாமுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே கடல் இருப்பதுபோல, அவ்விரு நகரங்களுக்கும் இடையே நீர்ப்பரப்பு இருக்கிறது. விக்டோரியா அதைக் கடந்து சென்று டிரேவ்ஸிடம் பயின்றார். டிரேவ்ஸ் நுணுக்கமான பயிற்றுநர். நடையில், துள்ளலில், கைகளின் வீச்சில் உள்ள சிறு குறைகளையும் கண்டு திருத்துபவர். ஸோ ஏன் ஓல்சன் என்ற இளம் வீராங்கனையும் அவரிடம் பயின்றுவந்தார். துள்ளு பலகையில் நாட்டின் தலைசிறந்த வீராங்கனைகளில் ஓல்சன் ஒருவர். விக்டோரியாவைவிட ஆறு வயது இளையவர். இவர்கள் இருவரும் பின்னர் ஒலிம்பிக் குளத்தில் நேருக்கு நேர் மோதப்போகிறார்கள் என்பதை அப்போது எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

1946ஆம் ஆண்டில் விக்டோரியாவும் லைல் டிரேவ்ஸும் திருமணம் செய்துகொண்டனர். இப்போது அவருக்கு மூன்றாவது குடும்பப் பெயர் வந்தது: விக்கி டிரேவ்ஸ். அதே ஆண்டில் பத்து மீட்டர் மேடைப் பிரிவில் அமெரிக்கத் தேசிய வெற்றியாளரானார். 1947, 1948 ஆகிய ஆண்டுகளிலும் அந்தப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். தாமதமாகத் தொடங்கியவர் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. ஒலிம்பிக் வாயில் அவருக்காகத் திறந்தது.

இவ்விடத்தில் விக்டோரியாவின் நண்பர் ஒருவரைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் சாமி லீ. கொரிய நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கலிபோர்னியாவில் பிறந்தவர், முக்குளிப்பு வீரர், மருத்துவப் படிப்பையும் முடித்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, பசடீனா நகரின் பொதுக் குளத்தில் வெள்ளையர் அல்லாதோர் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே நீந்தலாம். அந்த நாள் முடிந்ததும் குளத்து நீர் மாற்றப்படும் என்பார்கள். மற்ற நாள்களில் பயிற்சி செய்ய இடமின்றி, மணல் நிரப்பிய குழி ஒன்றில் லீ குதித்துப் பழகினார். மணலில் குதித்துப் பழகியவரும் பெயரை மாற்றிக்கொண்டு குளத்தில் இறங்கியவரும் ஒரே நாட்டின் சீருடையை அணிந்து ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றனர்.

1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கின. அதற்கு முன் 1936ஆம் ஆண்டில் பெர்லின் நகரில்தான் ஒலிம்பிக் நடைபெற்றிருந்தது. போரின் காரணமாக 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் விளையாட்டுகள் நடைபெறவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உலக வீரர்கள் மீண்டும் ஒன்றுகூடினர். குண்டுவீச்சில் சிதைந்த இலண்டன் இன்னும் முழுமையாக மீளவில்லை. உணவுப் பொருள்கள் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தன. புதிய அரங்குகள் கட்டப் பணமில்லை. இருந்த அரங்குகளையே செப்பனிட்டுப் பயன்படுத்தினர். அந்த எளிய விளையாட்டுகளில்தான் விடுதலை பெற்ற இந்தியா, ஹாக்கியில் தன் முதல் தங்கத்தை வென்றது. இலங்கையின் டங்கன் வைட் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்று, தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார்.

அமெரிக்க அணியினர் கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து இலண்டனை அடைந்தனர். முக்குளிப்புப் போட்டிகள் வெம்பிளியில் இருந்த எம்பயர் குளத்தில் நடைபெற்றன. பெண்களுக்கான துள்ளு பலகைப் பிரிவு 1920ஆம் ஆண்டில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு முறையும் அமெரிக்க வீராங்கனைகளே அதில் தங்கம் வென்றிருந்தனர். ஆகவே, அந்த வரிசையை முறியவிடக் கூடாது என்ற சுமையும் விக்டோரியாவின் தோள்களில் இருந்தது. அவருடைய வலிமை மேடைப் பிரிவில் என்று பலரும் அறிந்திருந்தனர். துள்ளு பலகையில் ஓல்சன் வலிமை வாய்ந்தவர். இருவருக்கும் பயிற்றுநர் ஒருவரே. ஒருவர் வெல்ல, மற்றவர் தோற்க வேண்டும்.

ஆகஸ்ட் 3ஆம் நாள். இருவரும் மாறி மாறிப் பாய்ந்தனர். பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் புள்ளிகள் ஏறிக்கொண்டே சென்றன. இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி மிகச் சிறியது. இறுதியில் மொத்தப் புள்ளிகள் அறிவிக்கப்பட்டன. ஓல்சன் பெற்றவை 108.23. விக்டோரியா பெற்றவை 108.74. வேறுபாடு 0.51 புள்ளி மட்டுமே. ஏதேனும் ஒரு பாய்ச்சலில் கால்கள் சற்று விலகியிருந்தாலோ, நீர் சற்று அதிகமாகத் தெறித்திருந்தாலோ முடிவு மாறியிருக்கும். வெண்கலமும் அமெரிக்காவின் பேட்ஸி எல்ஸனருக்கே கிடைத்தது.

அத்துடன் அவருடைய பணி முடியவில்லை. அடுத்த சில நாள்களில் பத்து மீட்டர் மேடைப் போட்டி நடந்தது. துள்ளு பலகைக்குப் பழகிய கால்களை உடனே அசையாத மேடைக்குப் பழக்க வேண்டும். ஒன்றில் வென்ற மகிழ்ச்சியில் மனம் தளர்ந்துவிடவும் கூடாது. விக்டோரியா தளரவில்லை. 68.87 புள்ளிகள் பெற்று அந்தப் பிரிவிலும் தங்கம் வென்றார். எல்ஸனர் வெள்ளியும் டென்மார்க் நாட்டின் பிர்ட்டே கிறிஸ்டோபர்சன் வெண்கலமும் பெற்றனர். ஒரே ஒலிம்பிக்கில் துள்ளு பலகை, மேடை ஆகிய இரு பிரிவுகளிலும் தங்கம் வென்ற பெண் அதற்கு முன் எவரும் இல்லை. ஆசிய வம்சாவளி அமெரிக்கப் பெண்களில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல்வரும் அவரே. அதே விளையாட்டுகளில் ஆண்களுக்கான மேடைப் பிரிவில் சாமி லீ தங்கம் வென்றார். எவரைக் குளத்தில் இறங்கவிடத் தயங்கினார்களோ, அவர்களே குளத்திலிருந்து தங்கத்துடன் கரையேறினார்கள்.

காலத்தின் பொருத்தம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். விக்டோரியா பதக்கம் வென்ற இரண்டு மாதங்களுக்குள், 1948ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று, இனம் கடந்த திருமணங்களைத் தடை செய்த கலிபோர்னியச் சட்டம் செல்லாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கும் அவருடைய வெற்றிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால், மனாலோவும் டெய்லரும் இணைந்த குடும்பத்தில் பிறந்த மகள் உலகின் முதலிடத்தில் நின்ற அதே ஆண்டில், அத்தகைய குடும்பங்களைத் தவறென்று கூறிய சட்டம் மறைந்தது.

1949ஆம் ஆண்டில் விக்டோரியா தம் தந்தையின் தாய்நாடான பிலிப்பைன்ஸுக்கு முதன்முறையாகச் சென்றார். அந்நாடு 1946ஆம் ஆண்டில்தான் விடுதலை பெற்றிருந்தது. போரினால் தலைநகர் மணிலா பேரழிவைச் சந்தித்திருந்தது. அந்த நிலையிலும் மக்கள் அவரைத் தங்கள் சொந்த மகளாகவே எண்ணி வரவேற்றனர். அவர் அங்குத் தம் முக்குளிப்புத் திறனைக் காட்டி மகிழ்வித்தார். ஓர் ஊரில் மறைக்க வேண்டியிருந்த பெயரை இன்னோர் ஊர் கொண்டாடியது.

ஒலிம்பிக்கிற்குப் பின் விக்டோரியா தொழில்முறைக் கலைஞரானார். அக்கால விதிகளின்படி, விளையாட்டின் வழி பணம் ஈட்டுவோர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள இயலாது. ஆகவே, 1952ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அவர் பங்கேற்கவில்லை. நீர் விளையாட்டுக் காட்சிகளில் இடம்பெற்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்தார். பின்னர் குடும்ப வாழ்க்கையில் ஈடுபட்டு நான்கு மகன்களை வளர்த்தார். கணவருடன் சேர்ந்து நீச்சலும் முக்குளிப்பும் கற்பிக்கும் பணியிலும் ஈடுபட்டார். ஒரு காலத்தில் குளத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவர், பிற பிள்ளைகளைக் கைபிடித்துக் குளத்துக்குள் அழைத்துச் செல்பவரானார். 1969ஆம் ஆண்டில் அனைத்துலக நீச்சல் புகழ்க்கூடம் அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக் கௌரவித்தது.

அவர் பிறந்து வளர்ந்த சான் பிரான்சிஸ்கோ நகரும் அவரை மறக்கவில்லை. ஆனால், நினைவுகூர நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டில், அவர் சிறுமியாக வாழ்ந்த பகுதியில் அமைந்த புதிய பூங்கா ஒன்றுக்கு அவருடைய பெயரைச் சூட்டினர். பிலிப்பினோ குடும்பங்கள் மிகுந்து வாழும் பகுதி அது. அந்தப் பூங்காவின் பெயர்: விக்டோரியா மனாலோ டிரேவ்ஸ் பூங்கா. பதினாறு வயதில் அவர் மறைக்க வேண்டியிருந்த மனாலோ என்னும் பெயர், அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, அதே நகரில், எல்லாரும் படிக்கும்படி பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டது. அப்பெயர் அவருடைய வாழ்நாளிலேயே சூட்டப்பட்டது. அதன் பிறகு சில ஆண்டுகள் வாழ்ந்து, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், தம் 85ஆம் வயதில் காலமானார்.

முக்குளிப்பு இன்று மலேசியர்களுக்குப் புதிய விளையாட்டு அன்று. சரவாக் மாநிலத்தின் பிடாயு இனத்தைச் சேர்ந்த பண்டலேலா ரினோங், 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் மேடைப் பிரிவில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலேசியப் பெண் ஆனார். விக்டோரியா இரு தங்கம் வென்ற அதே நகரில், 64 ஆண்டுகள் கழித்து அந்தச் சாதனை நிகழ்ந்தது. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பண்டலேலாவும் சியோங் ஜுன் ஹூங்கும் இணைந்து வெள்ளிப் பதக்கம் பெற்றனர். அவர்களுடைய பெயர்கள் எந்த மாற்றமும் இன்றி, பெற்றோர் இட்டபடியே அறிவிப்புப் பலகையில் ஒளிர்ந்தன. நமக்கு அது இயல்பாகத் தோன்றலாம். விக்டோரியாவின் வாழ்க்கையைப் படித்த பிறகு, அந்த இயல்பான உரிமைக்குப் பின்னால் எத்தனை பேருடைய பொறுமையும் உழைப்பும் இருக்கின்றன என்பது புரியும்.

துள்ளு பலகைக்கு ஓர் இயல்பு உண்டு. தன்மேல் நிற்பவரை அது முதலில் கீழ்நோக்கித்தான் தாழ்த்தும். நிலைகுலையாமல் காலூன்றி நிற்பவரை, தாழ்த்திய அதே பலகை மேலே உயர்த்தும். விக்டோரியாவின் வாழ்க்கையும் அவ்வாறே அமைந்தது. வறுமை அவரைத் தாழ்த்தியது. இனப் பாகுபாடு தாழ்த்தியது. போர் அவருடைய பயிற்சியைத் தடுத்தது. ஒவ்வொரு முறையும் அவர் காலூன்றி நின்றார், காத்திருந்தார், எழ வேண்டிய நொடியில் எழுந்தார்.

நம் வகுப்பிலும் நம் திடலிலும் பல பெயர்கள் உள்ளன. சில பெயர்கள் நம் நாவுக்குப் புதியவை, சில நீளமானவை, சில கேலிக்கு உள்ளாகின்றன. ஒருவருடைய பெயரைச் சரியாக அழைப்பது அவரைப் பெற்றோரையும் அவருடைய முன்னோரையும் மதிப்பதாகும். மனாலோ என்னும் பெயர் அந்த மதிப்பைப் பெற ஒரு பெண் பத்து மீட்டர் உயரத்திலிருந்து பாய வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பருக்கு அதே மதிப்பை, இருந்த இடத்திலிருந்தே நம்மால் இன்றே அளிக்க முடியும்.